பிறவி வளைவு: மருத்துவம் கடந்து வந்த பாதை

பிச்சாவரத்துக் கால்வாய்களில் படகில் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். இரு கரைகளிலும் சுரபுன்னை மரங்கள் நீரின்மேல் கவிந்து, பச்சைக் கூரை வேய்ந்தாற்போல் நிற்கும். காட்டின் உள்ளே கிடைக்காத வெளிச்சம் கால்வாயின் மேல் கிடைப்பதால் இளங்கிளைகள் அந்தப் பக்கமாக வளைகின்றன. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம், "கிளையை வளைத்தது யார்?" என்று கேட்பது என் வழக்கம். "சூரியன்" என்பார்கள். உண்மையில் வெளியிலிருந்து எதுவும் கிளையைப் பிடித்து இழுக்கவில்லை. நிழல் விழுந்த பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்கின்றன. வெளிச்சம் பட்ட பக்கத்துச் செல்கள் அவ்வளவு நீள்வதில்லை. இரு பக்கங்களின் நீளம் வேறுபட்டால் வளைவு தானே வந்துவிடுகிறது.

இந்த விளக்கத்தை ஒருமுறை கேட்ட மாணவர் ஒருவர், படிப்பு முடிந்து வேலையில் அமர்ந்த பிறகு என்னைத் தேடி வந்தார். வெகுநேரம் தயங்கிவிட்டு, "சார், கிளைக்குச் சொன்ன காரணம் மனித உடலுக்கும் பொருந்துமா?" என்று கேட்டார். அவருடைய ஆண்குறி விறைப்படையும்போது கீழ்நோக்கி வளைகிறதாம். பருவ வயதிலேயே அதைக் கவனித்தவர், தம் கெட்ட பழக்கத்தால் வந்தது என்று நம்பிவிட்டார். சுவரொட்டியில் கண்ட ஒரு 'வைத்தியரிடம்' இரண்டு ஆண்டுகள் லேகியம் வாங்கி உண்டார். வளைவு மாறவில்லை, பணம் போயிற்று. வீட்டில் திருமணம் பேசி முடித்திருந்தார்கள். அதை எப்படி நிறுத்துவது என்பதே அப்போது அவர் கவலை.

நான் மருத்துவன் அல்லன். அவரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, இதுபற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். வெட்கத்தால் மறைக்கப்படும் இக்குறைக்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பதும், அதில் இயற்பியலுக்கும் பங்கு இருப்பதும் அப்போதுதான் தெரிந்தன.

பலூன் சொல்லும் பாடம்

முதலில் ஓர் எளிய சோதனை. நீண்ட பலூன் ஒன்றை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் நீளவாட்டில் செல்லோடேப் ஒட்டுங்கள். காற்று இல்லாதபோது அது எல்லாப் பலூன்களையும் போலவே தொங்கும். ஊதினால், டேப் ஒட்டிய பக்கமாக வளையும். உள்ளே அழுத்தம் எங்கும் ஒன்றேதான். ஆனால் டேப் ஒட்டிய பக்கம் நீள மறுக்கிறது, எதிர்ப்பக்கம் நீள்கிறது.

ஆண்குறியின் அமைப்பும் ஏறத்தாழ இத்தகையதே. அதனுள் பஞ்சு போன்ற இரு தண்டுகள் அருகருகே அமைந்துள்ளன. அவற்றின் கீழே, சிறுநீர்த் தாரையைச் சூழ்ந்து, மூன்றாவது தண்டு ஒன்று உள்ளது. முதலிரு தண்டுகளையும் வெண்ணிறமான உறுதியான உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. குருதி நிரம்பி அழுத்தம் ஏறும்போது இவ்வுறை விரிந்து, ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. விறைப்பு இப்படித்தான் உண்டாகிறது. உறையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிடக் குறைவாக நீண்டால், உறுப்பு கீழ்நோக்கி வளையும். தளர்ந்த நிலையில் எதுவும் தெரியாது. ஆகவேதான் பலர் இதைப் பருவ வயதில் முதன்முதலாகக் காண்கிறார்கள். பருவ வயதுப் பழக்கமே காரணம் என்று தவறாக எண்ணுகிறார்கள்.

எவ்வளவு வேறுபாடு எவ்வளவு வளைவைத் தரும்? பலூனின் விட்டத்தை வளைவின் கோணத்தால் (ரேடியனில்) பெருக்கினால் இரு பக்க நீளங்களின் வேறுபாடு கிடைக்கும். 3 செ.மீ. விட்டமுள்ள பலூன் 60 பாகை வளைந்தால், வேறுபாடு சுமார் 3.1 செ.மீ.

'கயிறு' என்ற கருத்து

பழங்கால மருத்துவர்களின் கவனம் இதனோடு சேர்ந்து வரும் வேறொரு பிறவிக் குறையின்மேல் இருந்தது. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் அமையும் அக்குறையை 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் குறிப்பிட்டிருக்கிறார். ஐரோப்பிய மருத்துவர்கள் பின்னாளில் வளைவுக்கு 'கார்டீ' என்று பெயரிட்டார்கள். கயிறு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. முதலில் அப்பெயர் வெட்டை நோயில் தோன்றும் வலிமிகுந்த வளைவைக் குறித்தது. பிறவியிலேயே வளைவு உள்ளவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

1743இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவரான பெய்ரோனி, இன்னொரு வகை வளைவை விவரித்தார். இது நடுவயதில் வருவது. உறையில் கெட்டியான தழும்பு உண்டாகி, வலியும் தரக்கூடியது. இன்றும் இது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிறவி வளைவில் தழும்பும் இல்லை, வலியும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மருத்துவரின் முதல் வேலை.

'கயிறு' என்ற பெயரே சிந்தனைக்கும் தடையாயிற்று. அடிப்பக்கத்தில் ஏதோ ஒரு நாண் இழுத்துப் பிடிக்கிறது. அதை வெட்டிவிட்டால் போதும் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். சிலரிடம் தோலோ அதன் கீழுள்ள திசுவோ இறுகியிருப்பது உண்மையே. ஆனால் அவற்றை அகற்றிய பின்னும் நேராகாத வளைவுகள் இருந்தன.

நெஸ்பிட் செய்த மாற்றம்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரீட் நெஸ்பிட், 1965இல் மூன்று நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். குட்டையான பக்கத்தை நீட்ட அவர் முயலவில்லை. மாறாக, நீண்ட பக்கத்து உறையில் கண் வடிவத்தில் சிறு துண்டுகளை அகற்றி, விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தார். நீண்ட பக்கம் குறுகி, குட்டைப் பக்கத்துக்குச் சமமாயிற்று, உறுப்பு நேரானது.

நம் பலூனுக்கு மீண்டும் வருவோம். எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு டேப் ஒட்டி ஊதிப் பாருங்கள். பலூன் நேராக நிற்கும். ஆனால் மொத்த நீளம் சற்றுக் குறைந்திருக்கும். நெஸ்பிட் முறையின் பயனும் அதற்குக் கொடுக்கும் விலையும் இவையே.

இன்னொரு சிக்கல் எஞ்சியிருந்தது. மயக்க மருந்து பெற்றுப் படுத்திருப்பவரிடம் வளைவு எப்படித் தெரியும்? 1974இல் கிட்டஸ், மெக்லாஃப்லின் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். உறுப்பின் அடியில் ஒரு பட்டையை இறுகக் கட்டி, உப்புநீரை ஊசிமூலம் உள்ளே செலுத்தினார்கள். அடைபட்ட திரவத்தில் ஒரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்விதிப்படி உறுப்பு முழுவதும் நிரம்பி, வளைவு மேசைமேலேயே தெரிந்தது. தையலுக்கு முன்னும் பின்னும் சரிபார்க்கவும் முடிந்தது.

அடுத்த ஆண்டு, 1975இல், காப்லன், லாம் என்ற இருவர் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்தார்கள். வளைவு என்பது கருவின் இயல்பான வளர்ச்சியில் ஒரு கட்டம் என்றும், பிறகு அது நேராகிறது என்றும் கருதினார்கள். அப்படியானால் பிறவி வளைவு, பிறக்குமுன்னரே நின்றுபோன ஒரு வளர்ச்சி எனலாம். இதில் எந்தப் பழக்கத்துக்கும் இடமில்லை.

பின்னர் முறைகள் எளிதாயின. 1985இல் எசெட், ஷ்ரோடர் இருவரும் உறையை வெட்டாமல் தையலால் மட்டும் மடித்தார்கள். 1990இல் யாக்கியா உறையை நீளவாட்டில் கீறி, குறுக்குவாட்டில் தைத்தார். மேற்பக்கத்தின் நடுக்கோட்டில், கடிகாரத்தின் 12 மணி நிலையில், நரம்புகள் இல்லை என்று சான் பிரான்சிஸ்கோவின் பாஸ்கின் குழு 1990களில் காட்டியது. எங்கே தைத்தால் உணர்ச்சி கெடாது என்பது அதனால் தெளிவாயிற்று.

இந்தியாவின் பங்கு

நம் நாட்டு மருத்துவர்களும் பின்தங்கவில்லை. சிறுநீர்த் துளை இடம் மாறிய குழந்தைகளுக்கு அக்காலத்தில் பல கட்டங்களாக அறுவை செய்வதுண்டு. ஆக்ராவில் பணியாற்றிய ஹரிசங்கர் அசோபாவும் அவர் குழுவினரும், முன்தோலையே குழாயாக்கி ஒரே கட்டத்தில் சீர்செய்யும் முறையை 1971இல் வெளியிட்டார்கள். அசோபாவின் பெயர் இன்றும் உலகப் பாடநூல்களில் வழங்குகிறது. பிக்கானீரின் அமிலால் பட், துளை சரியாக இருந்தும் வளைவு உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தாரையை விடுவித்துச் சீர்செய்யும் முறையைப் பற்றி 2008இல் தம் குழுவினருடன் எழுதினார்.

மனத்தின் வளைவைப் பற்றியும் நம்மவர் ஒருவர் எழுதியிருக்கிறார். விந்து வீணாவதாக அஞ்சி உடல் நலிந்ததாகத் துன்புறும் இளைஞர்களின் நிலைக்கு 'தாது நோய்த்தொகுதி' என 1960இல் பெயரிட்டவர் மனநல மருத்துவர் விக். ஆண்மை பற்றிய பொய் விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் சுவர்களில் விளம்பரங்கள் இன்றும் இருக்கின்றன.

செய்ய வேண்டியது

சிறிதளவு வளைவு பலருக்கும் உண்டு. பொதுவாக 30 பாகைக்குக் குறைந்த, இல்லறத்துக்கு இடையூறு தராத வளைவுக்குச் சிகிச்சை தேவையில்லை. கூடுதலானால் அறுவைதான் தீர்வு. லேகியமோ எண்ணெயோ உறையின் நீளத்தை மாற்றாது. வளர்ச்சி முடிந்த பிறகு அறுவை செய்வது வழக்கம். துளையும் இடம் மாறியிருந்தால், பெற்றோர் குழந்தைப் பருவத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடுவயதில் புதிதாக வளைவோ வலியோ தோன்றினால் தாமதிக்கக் கூடாது. பார்க்க வேண்டியவர் சிறுநீரியல் அறுவை மருத்துவர். கடலூர் மாவட்டத்தவருக்குப் புதுச்சேரி ஜிப்மர் தொலைவில் இல்லை.

என் மாணவரின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். மருத்துவர் வளைவை அளந்து பார்த்தார். அது 20 பாகையைக்கூட எட்டவில்லை. "ஒன்றும் செய்ய வேண்டாம், திருமணம் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல்லைக் கேட்க அவர் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். இதைப் படிக்கும் இளைஞர்களில் எவருக்கேனும் அதே கவலை இருந்தால், அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.