கொல்லனுக்கு எஞ்சியது

வாளுக்குப் பெயர் சூட்டிப் போற்றும் வழக்கம் நார்ஸ் மக்களிடம் இருந்தது. அவர்தம் கதைகளில் புகழ்மிக்க வாள் ‘கிராம்’. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுத்துருப் பெற்ற வோல்சுங்கா சாகா அதன் வரலாற்றைக் கூறுகிறது. ஓடின் என்னும் கடவுள் மரத்தில் செருகிய வாளைச் சிக்மண்ட் உருவி எடுக்கிறான். பின்னாளில் அதே கடவுளின் ஈட்டியில் பட்டு அது முறிகிறது. துண்டுகளை மகன் சிகுர்துக்காகத் தாய் காத்து வைக்கிறாள். ரெகின் என்னும் கொல்லன் முதலில் செய்து தந்த இரு வாள்களும் பட்டடையில் ஓங்கியடித்ததும் உடைகின்றன. அத்துண்டுகளிலிருந்து பிறந்த மூன்றாம் வாளோ பட்டடையையே பிளக்கிறது; ஆற்றில் மிதந்துவரும் கம்பளிக் கற்றையையும் அறுக்கிறது.

இவ்விரு சோதனைகளும் வெறும் கற்பனையல்ல. உறுதியும் கூர்மையும் ஓரிடத்தில் அமைவது அரிது. மிகக் கடினமான எஃகு முறியும். மென்மையான இரும்பு வளையும். எனவே வட ஐரோப்பியக் கொல்லர்கள் இரும்புத் தண்டுகளையும் எஃகுத் தண்டுகளையும் அடுக்கிக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, முறுக்கி, அருகருகே வைத்து மீண்டும் அடித்து இணைத்தனர். விளிம்பில் எஃகைப் பொருத்தினர். மெருகேற்றியதும் அலகில் பாம்பு நெளிவது போன்ற கோலம் எழுந்தது. இன்று கிராமை நினைந்து அழகு வாள் செய்யும் கைவினைஞர் சிலரும் இம்முறையைக் கையாள்கின்றனர். அமிலத்தில் தோய்த்து அக்கோலத்தைத் துலக்குகின்றனர்.

அவ்வாளால் ஃபாப்னிர் என்னும் நாகத்தைக் கொன்ற சிகுர்த், ரெகின் தனக்குக் கேடு சூழ்வதைப் பறவைகளின் பேச்சால் அறிந்து அவன் தலையையும் கொய்கிறான். சுவீடனின் ரம்சுந்தில், ஏறத்தாழ 1030இல் பாறையில் செதுக்கப்பட்ட காட்சியில் ரெகினின் துண்டித்த தலையைக் காண்கிறோம். அருகே சம்மட்டி, குறடு, துருத்தி, பட்டடை ஆகியனவும் உள்ளன. கொல்லனைத் துரோகியாகக் காட்டிய சிற்பியும் அவன் கருவிகளை மறைக்கவில்லை என்பது நாம் எண்ணத்தக்கது.

9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான ‘உல்ஃப்பெர்ட்’ என்னும் பெயர் பதித்த வாள்கள் ஏறத்தாழ 170 கிடைத்துள்ளன. ஒருவர் ஆயுளுக்குள் அடங்காத காலம் அது. ஒரு கொல்லனின் பெயர் பட்டறைகளின் முத்திரையாகிவிட்டது. பிழையான எழுத்தோடு போலிகளும் எழுந்தன எனலாம்.

வீரனுக்குக் கதை வாய்த்தது. வாளுக்குப் பெயர் வாய்த்தது. கொல்லனின் பெயரோ பிறருக்கும் உரியதாயிற்று. அவனுக்கென்று எஞ்சியது அலகில் நெளியும் அந்த முறுக்கே. சுவரில் மாட்டிய அழகு வாளைக் காணும்போது நாம் முதலில் படிக்கவேண்டியது அதைத்தான்.