புறம்போக்கில் கட்டிய வலை

தோல் பதப்படுவது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம். பேரமும் ஏற்றுமதிக் காகிதமும் சென்னை பெரியமேட்டில். நம்ம தோல் தொழிலில் இது பழைய ஏற்பாடு. ஆம்பூருக்கும் சென்னைக்கும் நடுவே சுமார் 180 கிலோமீட்டர். கணக்கு டேலிக்கு மாறியதும் ஒரு புதுத் தலைவலி: ஆம்பூர் கணினியில் இருக்கும் சரக்கிருப்பை பெரியமேட்டில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி? எனக்குத் தெரிந்த ஒரு ஷூ அப்பர் யூனிட்டில் கொஞ்ச காலம் பென்டிரைவ் பஸ்ஸில் போய்வந்தது. அப்புறம் ஒரு பையன் ஹமாச்சி போட்டுக் கொடுத்தான். அதன் கதைதான் இந்தக் குறிப்பு.

இணையத்தின் பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அது பத்தாது என்று தெரிந்ததும் 1994-இல் 'நாட்' என்ற ஏற்பாடு வந்தது. ஆபீஸ் முழுக்க ஒரே வெளிமுகவரி. உள்ளே இருப்பவர் வெளியே பேசலாம், வெளியே இருப்பவர் தானாக உள்ளே வர முடியாது. இரண்டு ஆபீசும் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டால் யார் யாரைக் கூப்பிடுவது?

இங்கேதான் தரகர் வருகிறார். இரண்டு கணினிகளும் நடுவில் உள்ள ஒரு சர்வரிடம் பேசும். அது ஒருவரின் வெளிமுகவரியை மற்றவருக்குச் சொல்லும். இருவரும் ஒரே நேரத்தில் எதிராளிக்கு ஒரு பாக்கெட் அனுப்புவார்கள். 'நம்ம ஆள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கு' என்று இரண்டு ரவுட்டர்களும் நம்பி உள்ளே விட்டுவிடும். அவ்வளவுதான், தரகர் ஒதுங்கிவிடலாம். சரக்கு அவர் மண்டி வழியாகப் போவதில்லை. லட்சம் பேர் வந்தாலும் சர்வர் தாங்குவது இதனால்தான். நடுவில் ஆளே இல்லாத வலை என்று இதைப் புகழ்வதை நான் ஏற்பதில்லை. நடுவர் உண்டு, அவர் தலையில் எவ்வளவு சுமை ஏற்றுகிறோம் என்பதுதான் வடிவமைப்பு.

ஸ்கைப் அந்தச் சுமையைப் பயனர்களின் கணினிகள் மேலேயே ஏற்றியது. நல்ல இணைப்புள்ள கணினிகள் 'சூப்பர்நோடு' ஆயின. 2007 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட்டுக்காக ஏகப்பட்ட கணினிகள் ஒரே சமயத்தில் அணைந்து எழுந்தபோது ஸ்கைப் இரண்டு நாள் படுத்துவிட்டது. 2012-க்குள் மைக்ரோசாஃப்ட் சூப்பர்நோடுகளைத் தன் சொந்த சர்வர்களுக்கே மாற்றிவிட்டது.

ஹமாச்சிக்கு வந்த வில்லங்கம் வேறு. 2004-இல் அலெக்ஸ் பங்க்ராடோவ் எழுதியது. 2006-இல் லாக்மீஇன் வாங்கியது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மெய்நிகர் முகவரி வேண்டுமே? 5-இல் தொடங்கும் சுமார் 1.68 கோடி முகவரிகள் அப்போது யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடந்தன. புறம்போக்கு! அங்கேயே கொட்டகை போட்டார்கள். 2010 நவம்பரில் அந்த நிலத்துக்கு ஐரோப்பிய முகவரிப் பதிவகத்தின் பெயரில் பட்டா போட்டாச்சு. நிஜமான தளங்கள் அங்கே குடியேறியதும் ஹமாச்சி ஓடும் கணினியில் அவை திறக்காமல் போகும். 2012-இல் ஹமாச்சி 25-க்குக் குடிமாறியது. அது யார் பெயரில்? பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம்! பழைய முகவரியை எங்கெங்கே கையால் அடித்து வைத்திருந்தார்களோ அங்கெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

அதே 2012-இல் இணைய நிறுவனங்களின் உள்வேலைக்கென்றே 100.64 முதல் 100.127 வரை சுமார் 42 லட்சம் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் அடைக்கும் பெரிய நாட்டுக்காக. இன்றைய டெயில்ஸ்கேல் தன் கணினிகளுக்கு முகவரி கொடுப்பது இந்த நிலத்திலிருந்துதான். இதுவும் சுத்தமான பட்டா இல்லை, மேய்ச்சல் நிலம் மாதிரி. நிறுவனமும் அதே எண்களைப் புழங்கினால் மோதல் வரலாம்.

அந்தப் பெரிய நாட் இன்னொரு வம்பும் செய்யும். பேசும் ஆளுக்கு ஆள் வெளிவாசலை மாற்றினால் தரகர் சொன்ன விலாசம் செல்லாது. அப்போது தரவு முழுக்க இடைநிலை சர்வர் வழியாகவே போகும். இரண்டு முனைகளிலும் வயர்கார்டு பூட்டு இருப்பதால் நடுவில் படிக்க முடியாது, தாமதம்தான் மிச்சம். டெயில்ஸ்கேலுக்கு அப்படி ஒரு சர்வர் பெங்களூரில் இருக்கிறது. நேர்வழி கிடைக்காத நாளில், கிழக்கே பெரியமேட்டுக்குப் போக வேண்டிய ஆம்பூர்க் கணக்கு முதலில் மேற்கே போய்த் திரும்பலாம்.