ஐந்தெழுத்தின் பொருளைக் கேட்ட மாணவன்



வார நாள்களில் பள்ளியில் தமிழும் கணிதமும் கற்பிக்கும் நான், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரத்துக் கோயிலொன்றில் சமய வகுப்பும் நடத்தி வருகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளில் நன்னெறிக் கல்வி உண்டு. இந்து சமயம் தனிப்பாடமாக இல்லை. ஆகவே, தேவாரமும் திருவாசகமும் பிள்ளைகளின் செவியில் விழ வேண்டுமானால் வீடும் கோயிலும்தாம் அதற்கு வழி.

பல ஆண்டுகளுக்கு முன்பு அவ்வகுப்பில் நடந்த ஒரு நிகழ்வை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. பிள்ளைகள் அனைவரும் கைகூப்பி ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருந்தனர். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, “டீச்சர், நமசிவாயன்னா என்ன அர்த்தம்? அது வெறும் சத்தந்தான்னு எங்கப்பா சொல்றாரு” என்றான்.

“மந்திரத்தை அப்படியெல்லாம் கேள்வி கேட்கக் கூடாது. நூற்றெட்டு முறை சொல், நல்லது நடக்கும்” என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். உண்மை என்னவெனில், அவன் கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. வினா எழுப்பும் மாணவனை ஊக்கப்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் படித்தவள்தான் நான். அதன்பின் அவன் அவ்வகுப்பில் எதையும் கேட்டதில்லை. சில மாதங்களில் வருவதையும் நிறுத்திக்கொண்டான்.

அந்தக் குற்றவுணர்வே என்னைப் படிக்கத் தூண்டியது. படித்தறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வினா புதியதன்று

முதலில் எனக்கு வியப்பளித்தது ஒன்று. ‘மந்திரம் வெறும் ஒலிதானா?’ என்னும் வினா அச்சிறுவனின் தந்தை கண்டுபிடித்ததன்று. அஃது ஏறத்தாழ ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைமையுடையது.

வேதச் சொற்களுக்குப் பொருள் விளக்கும் ‘நிருக்தம்’ என்னும் நூலை இயற்றியவர் யாசுகர். கௌத்சர் என்பவரின் கருத்தை அவர் அந்நூலில் எடுத்துக்காட்டுகிறார். மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்பது கௌத்சரின் வாதம். மந்திரத்தின் சொற்களை மாற்ற இயலாது. அவற்றின் வரிசையையும் மாற்ற இயலாது. சில இடங்களில் முரண்பாடு தெரிகிறது. சில சொற்கள் விளங்கவே இல்லை. இவையே அவர் காட்டிய காரணங்கள்.

யாசுகர் இதனை மறைக்கவில்லை. கேட்டவரை அதட்டவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகிறார். மந்திரத்தில் உள்ளவை உலகத்தார் பேசும் அதே சொற்களே. ஆதலால் அவற்றுக்குப் பொருள் உண்டு என்கிறார். வழியில் நிற்கும் தூணைக் குருடன் காணாவிட்டால் அது தூணின் குற்றமாகாது என்று உவமையும் காட்டுகிறார். வேதத்தை மனப்பாடம் செய்தும் அதன் பொருளை அறியாதவனைச் சுமைதாங்கும் தூணுக்கு ஒப்பிடும் கருத்தும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. அதைப் படித்த இரவில், என் வகுப்பில் நூற்றெட்டு முறை ஓதிய பிள்ளைகள் என் கண்முன் வந்து நின்றனர்.

ஒலியைக் காத்த முறை

அவ்வாறாயின் ஒலிக்கு மதிப்பில்லையா? உண்டு. எழுத்தில் எழுதி வைக்காமலேயே வேதத்தைப் பல நூற்றாண்டுகள் பிழையின்றிக் காத்தவர்கள் கையாண்ட முறை, மொழியாசிரியர் எவரையும் வியக்க வைக்கும். மலை, மழை, மண் என்னும் மூன்று சொற்களைக் கொண்டு அதனை விளக்கலாம்.

‘கிரமம்’ என்னும் முறையில் ‘மலை மழை, மழை மண்’ என இரண்டிரண்டாக ஓதுவர். ‘சடை’ முறையில் ‘மலை மழை, மழை மலை, மலை மழை’ என முன்னும் பின்னுமாகப் பின்னுவர். ‘கனம்’ என்னும் முறை இன்னும் கடினமானது: ‘மலை மழை, மழை மலை, மலை மழை மண், மண் மழை மலை, மலை மழை மண்.’ ஒரு சொல் விடுபட்டாலும் இடம் மாறினாலும் உடனே தெரிந்துவிடும். இவ்வேதம் ஓதும் மரபை 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஒலிப்புப் பிழை பற்றிய பழங்கதை ஒன்றும் உண்டு. இந்திரனைக் கொல்லவல்ல மகனை வேண்டித் துவட்டா என்பவர் வேள்வி செய்தார். ‘இந்திரசத்துரு’ என்னும் சொல்லில் அழுத்தத்தை இடம் மாற்றி ஒலித்துவிட்டார். ‘இந்திரனைக் கொல்பவன்’ என்று அமைய வேண்டிய பொருள், ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்று மாறிவிட்டது. பிறந்த மகன் விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான்.

இக்கதையைச் சொல்லி உச்சரிப்பின் அருமையை உணர்த்துவது வழக்கம். நான் அதில் இன்னொன்றையும் காண்கிறேன். ஒலி திரிந்ததால் தீங்கு நேர்ந்ததற்குக் காரணம், அதனால் பொருள் திரிந்ததே. பொருளைக் காக்கவே ஒலியைக் காத்தனர். ‘மழை’யை ‘மளை’ என்று ஒலிக்கும் மாணவனை நாம் திருத்துவதும் அதற்காகத்தானே?

தமிழில் மந்திரம்

‘மந்திரம்’ என்பது நினைத்தலைக் குறிக்கும் ‘மன்’ என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்த சொல் என்பர். எனினும், தமிழில் அது தொல்காப்பியத்திலேயே இடம்பெற்றுவிட்டது. சொல்லாற்றல் நிறைந்த சான்றோர் தம் ஆணையால் கூறும் மறைவான மொழியே மந்திரம் என்று செய்யுளியல் இலக்கணம் வகுக்கிறது. திருக்குறளில் நீத்தார் பெருமை அதிகாரமும் இக்கருத்தை அடியொற்றிப் பேசுகிறது. இவ்விரண்டிலும் சொல்லின் ஆற்றல் சொல்பவரின் நிறைவிலிருந்து பிறப்பதாகக் காட்டப்படுவது கருதத்தக்கது.

தொல்காப்பிய உரையாசிரியர் பேராசிரியர், தமிழ் மந்திரத்திற்கு நக்கீரர் பெயரால் வழங்கும் பாடல்களை எடுத்துக்காட்டுகிறார். தமிழைத் தீதென்று பழித்த குயக்கொண்டான் என்பவனை நக்கீரர் ஒரு பாட்டால் வீழ்த்தி, மற்றொரு பாட்டால் எழுப்பினார் என்பது அவற்றின் பின்னணி. கதையாகவே கொண்டாலும், தமிழும் மந்திர மொழியே என்று அக்காலத்தார் நம்பினர் என்பது தெளிவு.

ஐந்தெழுத்தின் பொருள்

இனி, அம்மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம்.

வடமொழியில் ‘நம’ என்றால் வணக்கம். ‘சிவாய’ என்றால் சிவனுக்கு. ‘சிவனுக்கு வணக்கம்’ என்பதே இதன் நேர்பொருள். இத்தொடர் யசுர் வேதத்தின் உருத்திரப் பகுதியில் காணப்படுகிறது. தமிழகத்தில் சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் இவ்வைந்தெழுத்தைப் போற்றிப் பதிகம் பாடினர். பூணூல் அணியும் சடங்கில் வேதம் ஓத வந்த அந்தணர்களிடம், மந்திரங்களுக்கெல்லாம் மூலம் ஐந்தெழுத்தே என்று சிறுவரான சம்பந்தர் எடுத்துரைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் இட்டபோது அவர் ஐந்தெழுத்தைப் பாடிக் கரையேறிய வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே.

13ஆம் நூற்றாண்டில் மனவாசகங்கடந்தார் இயற்றிய ‘உண்மை விளக்கம்’ என்னும் சிறுநூல், மாணவர் வினவ ஆசிரியர் விடைகூறும் முறையில் அமைந்தது. ‘ஐந்தெழுத்து என்பது யாது?’ என்று மாணவர் கேட்கிறார். ஆசிரியர் அவரை உட்காரச் சொல்லவில்லை, விளக்குகிறார்.

சைவ சித்தாந்தத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. ‘சி’ சிவன், ‘வ’ அருள், ‘ய’ உயிர், ‘ந’ மறைப்பாற்றல், ‘ம’ மலம், அதாவது அறியாமை. ‘சிவாயநம’ என்று ஓதும்போது உயிராகிய ‘ய’ நடுவில் நிற்கிறது. ஒருபுறம் இறைவனும் அருளும். மறுபுறம் மறைப்பும் அறியாமையும். எப்பக்கம் திரும்புவது என்பதே உயிரின் முன்னுள்ள வினா.

அந்நூல் இவ்வைந்தையும் கூத்தப்பெருமான் திருவுருவத்திலும் காட்டுகிறது. உடுக்கை ஏந்திய கை ‘சி’. வீசிய கை ‘வ’. அஞ்சேல் என அமர்த்திய கை ‘ய’. தீ ஏந்திய கை ‘ந’. முயலகனை மிதித்து ஊன்றிய திருவடி ‘ம’. ஒரு நடராசர் படம் இருந்தால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதனை அரைமணி நேரத்தில் கற்பித்துவிடலாம். என் மாணவனுக்கு நான் கொடுக்காமற்போன அரைமணி நேரம் அது.

கோபுரத்தின் மேல்

மந்திரத்தை மறைத்துக் காக்கும் மரபும் உண்டு. அதனைத் திறந்துவிட்ட வரலாறும் உண்டு. எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கற்க இராமானுசர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவ மரபுச் செய்தி. பிறர்க்குச் சொன்னால் நரகம் புகுவாய் என்று ஆசான் எச்சரித்தும், தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வர் என்று கருதிக் கோயில் கோபுரத்தின் மீதேறி அவர் அதனை உரைத்தார் என்று மக்கள் போற்றுவர். அவர் நாடி நடந்தது மந்திரத்தின் பொருளை அறியவே என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

ஓங்காரமும் நன்னூலும்

‘ஓம்’ என்பதையும் தமிழாசிரியர் எளிதாக விளக்கலாம். அஃது அ, உ, ம் என்னும் மூன்றன் சேர்க்கை. நன்னூலின் பிறப்பிலக்கணப்படி அகரம் வாய் திறத்தலாலும், உகரம் இதழ் குவிதலாலும், மகரம் இதழ் பொருந்துதலாலும் பிறக்கின்றன. திறத்தல், குவிதல், மூடுதல் என வாயின் முழு இயக்கமும் ஓரொலியில் அடங்கிவிடுகிறது. மாண்டூக்கிய உபநிடதம் இம்மூன்றையும் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் ஆகிய நிலைகளோடு பொருத்தி, ஒலி அடங்கிய அமைதியை நான்காவது நிலையாகக் கூறுகிறது.

மந்திரத்தை ஓதும் முறையிலும் படிகள் உண்டு. பிறர் கேட்க வாய்விட்டு ஓதுதல், உதடு மட்டும் அசைய ஓதுதல், மனத்துக்குள் ஓதுதல் என்பன அவை. இவற்றுள் மனத்துள் ஓதுவதையே நூல்கள் உயர்ந்ததாகக் கூறும். பொருள் தெரியாத மனம் உள்ளே எதனை நினைத்து ஓதும்?

கேட்டவர் குழந்தை

நிறைவாகப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த ஒரு கதை. பிரமன் வேதம் ஓதத் தொடங்கி முதலில் ‘ஓம்’ என்றான். குழந்தை முருகன் அதன் பொருள் கேட்டான். பிரமனுக்குத் தெரியவில்லை, தலையில் குட்டும் சிறையும்தாம் கிடைத்தன. பிறகு தந்தையாகிய சிவபெருமானே மாணவனாக நின்று மகனிடம் பொருள் கேட்டார். அவ்விடமே சுவாமிமலை என்பர்.

பத்துமலையில் முருகன் முன் நிற்கும்போதெல்லாம் இக்கதை என் நினைவுக்கு வருகிறது. அக்கதையில் பொருள் கேட்டவர் குழந்தை, விழித்தவர் பெரியவர். அன்று என் வகுப்பில் நான் பிரமனின் இடத்தில் இருந்தேன்.

இப்பொழுது என் வகுப்பில் எந்தப் பாடலையும் பொருள் சொல்லாமல் ஓதச் செய்வதில்லை. சிவபுராணம் பொருளுணர்ந்து சொல்வோர்க்கே பயன் கூறி முடிகிறது. அதனையே பொருளறியாமல் மனப்பாடம் செய்வித்து, போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கியவர்கள் நாம். தெரியாத இடம் வந்தால், “எனக்குத் தெரியவில்லை, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்” என்று பிள்ளைகளிடம் கூறிவிடுகிறேன். அதனால் என் மதிப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இன்றிரவு ஐந்தெழுத்தின் பொருளைக் கேட்டால் மேற்கண்டவற்றைச் சொல்லுங்கள். நம்புவதும் நம்பாததும் வளர்ந்தபின் அவரவர் முடிவு. ஆனால், கேட்ட பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள்.

அம்மாணவன் இப்பொழுது இளைஞனாக இருப்பான். எங்கேனும் சந்தித்தால் அவனுக்கு நான் சொல்ல வேண்டிய விடை ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பாக மன்னிப்பும் கேட்க வேண்டும்.