மஞ்சளித்த கோடுகள்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு நீலக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அம்மாவின் சீதனத்தோடு வந்தது. சிறுவயதில் என் கை தவறி அது மூன்று துண்டாயிற்று. அம்மா காணுமுன் ஒட்டிவிட வேண்டுமென்ற அவசரம் எனக்கு. ஒரு துண்டு சரியாகப் பொருந்தவில்லை. அதன் விளிம்பை அரத்தால் சற்றே ராவிப் பொருத்தினேன். அன்று ஒட்டுத் தெரியவில்லை. சில ஆண்டுகளில் பசை மஞ்சளித்து, என் குற்றம் கோடுகோடாய் வெளிப்பட்டது.

இதைவிடப் பெரிய உடைவொன்றின் வரலாற்றைப் பின்னாளில் வாசித்தேன்.

இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் 'போட்லண்ட் ஜாடி' இருக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உரோமக் கைவேலை. உயரம் 24 சென்ரிமீற்றர் அளவே. கருநீலக் கண்ணாடியின்மேல் வெண்கண்ணாடி போர்த்தி, அவ்வெண்மையைச் செதுக்கி உருவங்கள் சமைத்திருக்கிறார்கள். 1845 பெப்ரவரி 7ஆம் திகதி இளைஞன் ஒருவன் கற்சிற்பம் ஒன்றைத் தூக்கி வீச, ஜாடி நொறுங்கிற்று.

ஜோன் டபிள்டே என்பவர் அவ்வாண்டிலேயே அதை ஒட்டி நிமிர்த்தினார். ஆயினும் 37 சிறு துணுக்குகள் இடம் காணாமல் வெளியே நின்றன. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1948இல், அவை ஒரு பெட்டியில் நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. அப்போது ஜாடியை மீண்டும் பிரித்து ஒட்டினார்கள். மூன்று துணுக்குகள் மட்டுமே இடம் பிடித்தன. அந்தப் பசையும் காலப்போக்கில் மஞ்சளித்துத் தளர்ந்தது.

1988இல் நைஜல் வில்லியம்ஸ், சான்ட்ரா ஸ்மித் இருவரும் மூன்றாம் முறை தொடங்கினர். ஜாடியின் உள்ளும் புறமும் ஒற்றுத்தாள் சுற்றி, கரைப்பான் ஊற்றி மூன்று நாள் மூடி வைத்தனர். 189 துண்டுகளாக அது பிரிந்தது. பின்னர் பசையைத் தேடினர். பிடிப்பு மட்டும் போதாது, காலம் செல்லச் செல்ல நிறம் மாறவும் கூடாது. அத்தகைய எபொக்சிப் பசை ஒன்றைச் சோதித்துத் தெரிந்தெடுத்தனர்.

ஏன் இத்தனை கவனம்? இரு விளிம்புகள் நெருங்கிச் சேருமிடத்தில் நிறமற்ற பசை ஒளியைக் கண்ணாடிபோலவே வளைக்கும், ஒட்டு மறைந்துவிடும். துணுக்கு தொலைந்த பள்ளத்திலோ அதே நிறமற்ற பசை கருநீலத்தின் நடுவே வெளிறிய தழும்பாய்த் தெரியும். ஆகவே நீலப் பரப்பின் பள்ளங்களை நீலப் பசையாலும், உருவங்களின் பள்ளங்களை வெள்ளைப் பசையாலும் நிரப்பினர். சில மிகச் சிறிய துணுக்குகள் தவிர, எஞ்சியவை யாவும் தம் இடம் சேர்ந்தன. இன்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்த உடைவு எளிதில் புலப்படாது.

இந்த வரலாற்றில் என்னைத் தைத்த செய்தி வேறு. துண்டுகளைச் சேர்க்கும்போது, சிலவற்றின் விளிம்புகள் முன்னரே அரத்தால் ராவப்பட்டிருந்ததை அவர்கள் கண்டனர். பழைய பசையைக் கரைக்கலாம், புதியதற்கு நிறம் ஊட்டலாம். ராவிய கண்ணாடி திரும்பாது.

அம்மா கடைசிவரை அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதை வெந்நீரிலிட்டுப் பிரித்து, நல்ல பசையால் ஒட்ட அண்மையில் எண்ணினேன். மஞ்சள் கோடுகள் போய்விடும். ராவிய இடத்தில் ஒரு நூலளவு இடைவெளி இருக்கும். அதற்கு நீலம் கலந்தாக வேண்டும்.