குழாயில் ஏறிய திருப்புகழ்

எனக்கு மிகவும் பிடித்த படம் எது என்று எந்த வயதில் கேட்டிருந்தாலும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்: 1964-இல் வந்த 'அருணகிரிநாதர்'. டி. ஆர். ராமண்ணா இயக்கியது. பாடகர் டி. எம். சௌந்தரராஜன் (டி.எம்.எஸ்.) அருணகிரியாக நடித்தது. அதைவிட நன்றாக எடுத்த பக்திப் படங்கள் உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். திருவண்ணாமலையில் மைக் செட் வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கார்த்திகை தீபம் என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினோம். அந்த ஒரு படம் இந்த ஊருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

அருணகிரியார் எங்கள் ஊர்க்காரர், 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். விஜயநகர மன்னர் பிரபுட தேவராயர் காலம் என்பதற்கு அவர் பாட்டிலேயே சான்று இருக்கிறது. முருகன்மேல் பாடிய திருப்புகழ் ஒன்றில் மன்னர் பெயரையே வைத்திருக்கிறார். மற்றக் கதையை ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சிற்றின்பத்தில் சொத்தெல்லாம் அழித்தார், நோய் கண்டது, வளர்த்த அக்காளின் சொல் நெஞ்சில் தைத்தது, கோபுரத்தில் ஏறிக் குதித்தார், முருகன் கையில் தாங்கினான், 'முத்து' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்துப் பாடச் சொன்னான். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு ஊர்வாய் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் அந்த வரிகளைப் படித்தவர்கள், இந்த மனிதர் எதையோ அனுபவித்துத்தான் எழுதியிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

படம் பார்த்துவிட்டு வரும் வெளியூர்க்காரர்கள் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இதிலிருந்துதானே குதித்தார்?" என்று கேட்பார்கள். இல்லை. 217 அடி உயரமும் 11 நிலையும் கொண்ட அந்தக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சைச் சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. அருணகிரியார் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர். ஊர் மரபு காட்டுவது உள்ளே இருக்கும் வல்லாள மகாராஜா கோபுரத்தை. போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் பெயரில், 14-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்பது அது. அதன் அடியில் கோபுரத்து இளையனார் சந்நிதி. ராஜகோபுரம் தாண்டியதும் ஆயிரங்கால் மண்டபத்தை ஒட்டிக் கம்பத்து இளையனார் சந்நிதி. மன்னர் பார்க்க, அருணகிரி பாட, முருகன் தூணில் தோன்றிய இடம் என்பார்கள். இன்னும் உள்ளே போனால் கிளி கோபுரம். பாரிசாத மலர் கொண்டுவரக் கிளி உடலில் புகுந்து போன அருணகிரி, திரும்பி வந்தபோது தன் உடல் எரிக்கப்பட்டிருக்கக் கண்டு கிளியாகவே இருந்துவிட்டார் என்பது கதை. ஒரு புலவரின் வாழ்க்கை முழுவதும் ஒரு கோயிலின் கோபுரங்களில் எழுதி வைத்ததுபோல் கிடக்கிறது. இப்படி வேறு எந்த ஊரும் எனக்குத் தெரியாது.

ஆனால் பாட்டு? அவர் பாடியது பதினாறாயிரம் என்பார்கள். கையில் இருப்பது ஆயிரத்து முந்நூறுக்குச் சற்று மேல். அதுவும் ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தால் கிடைத்தது. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தவர். 1871-இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கு ஒன்றில் சான்றாக ஒரு திருப்புகழ் எடுத்துக் காட்டப்பட்டதாம். அதைக் கேட்ட நாள் முதல் ஊர் ஊராக ஏடு தேடினார். 1890-களில் முதல் பாகம் அச்சேறியது. இரண்டாம் பாகத்துக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. அவர் மகன் செங்கல்வராய பிள்ளை அந்தப் பாடல்களுக்கு உரை எழுதினார்.

அடுத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனைச் சமையலில் இருந்தவர், தமிழ் படிக்கத் தெரியாதவர். பழனியில் ஒரு திருப்புகழ் காதில் விழுந்து, அதற்காகவே வளர்ந்த பிறகு தமிழ் எழுத்துக் கற்றார். திருவண்ணாமலைக்கு வந்தபோது சேஷாத்ரி சுவாமிகள், "உனக்கு வேறு மந்திரம் வேண்டாம், திருப்புகழே போதும்" என்ற பொருளில் சொல்லி வள்ளிமலைக்கு அனுப்பினார் என்பது எங்கள் ஊரில் தலைமுறையாக வரும் செய்தி. 1950-இல் சமாதியாகும் வரை அவர் பாடிக்கொண்டே இருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

ஏடு அச்சானது, அச்சு பஜனையானது. ஆனாலும் அது பஜனை மடத்துக்கும் ஓதுவாருக்கும் புலவருக்கும் சொந்தமாக இருந்தது. முருகன் எடுத்துக் கொடுத்த 'முத்து' என்ற சொல்லில் தொடங்கும் 'முத்தைத்தரு' பாட்டு முழுவதையும் சந்தையில் மூட்டை தூக்குபவர் கேட்டிருக்க வழியில்லை. படிக்கத் தெரிந்தவருக்கே நாக்குப் புரளாத பாட்டு அது. வல்லெழுத்து வல்லெழுத்தின் மேல் ஏறி நிற்கும். மூச்சு எங்கே விடுவது என்று அச்சுப் புத்தகம் சொல்லாது. முருகனில் தொடங்கி, இராவணன் தலைகள், கடல் கடைந்த மந்தர மலை, பகலை மறைத்த சக்கரம், அர்ச்சுனன் தேர் என்று திருமாலின் பெருமையெல்லாம் வரிசையாக வரும். பிறகு போர்க்களம் திறக்கும். பைரவி ஆடுவாள், கழுகும் பேயும் கூடவே ஆடும், பறை கொட்டும், கிழக் கோட்டான் அலறும். பறையின் ஓசையையும் கோட்டானின் ஓசையையும் எழுத்திலேயே வைத்திருக்கிறார். பொருள் தெரியாமல் பாடினால் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

இந்தப் பாட்டைத்தான் 1964-இல் மதுரைக்காரர் ஒருவர் பாடினார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசியவர். தமிழை அவ்வளவு துல்லியமாக உச்சரித்த குரல் எது என்று கேட்டால் இன்றும் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் அவர்தான் பாடினார். அதே 1964-இல் 'படகோட்டி'யிலும் 'புதிய பறவை'யிலும் கேட்பது அவர் குரலே. அந்தக் குரலுக்குச் சொந்த முகம் கிடைத்த படங்கள் சில. 1962-இல் 'பட்டினத்தார்', பிறகு 'அருணகிரிநாதர்'. 'முத்தைத்தரு' பாடுவதற்கு முன் டி.எம்.எஸ். கிருபானந்த வாரியாரிடம் போய்ப் பொருள் கேட்டு, சொல் பிரித்துப் படித்துக்கொண்டார் என்று சொல்வதுண்டு. வாரியார் காட்பாடிப் பக்கம் காங்கேயநல்லூர்க்காரர். திருவண்ணாமலையும் 1989 வரை அதே வட ஆர்க்காடு மாவட்டம்தான். 'திருப்புகழமிர்தம்' என்று ஒரு பத்திரிகையே நடத்தியவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? படத்துக்கு இசை ஜி. ராமநாதனும் டி. ஆர். பாப்பாவும். ராமநாதன் 1963-லேயே காலமானார். இந்தப் படத்தை அவர் திரையில் பார்க்கவில்லை.

நான் படத்தைப் பார்த்தது சில ஆண்டு கழித்து, டூரிங் கொட்டகையில். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். முருகன் தாங்கிப் பிடிக்கும் இடத்தில் பெண்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ திரைக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். திரும்பி வரும்போது அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் வேலூர் போய் இசைத்தட்டு வாங்கி வந்தார்.

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூம்பு வடிவக் குழாய்க்கு அடித்தொனி கிடையாது. மிருதங்கத்தின் இடந்தலை அதில் செத்துப்போகும், வீணை காணாமல் போகும். நடுத்தர ஓசையும் அதற்கு மேற்பட்டதும்தான் தூக்கிக்கொண்டு போகும். மெல்லிய குரல்காரர்கள் பக்கத்துத் தெருவிலேயே கரைந்துவிடுவார்கள். டி.எம்.எஸ். குரல் அந்தக் குழாய்க்கென்றே பிறந்தது. பனைமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, மலைப்பக்கம் திருப்பிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் குமிழைப் பாதிக்கு வைத்தாலே போதும். கழனியில் நாற்று நடுபவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். 'த்த', 'ட்ட', 'க்க' என்று அடுக்கி வரும் அந்தப் பாட்டின் ஓசைதான் குழாயில் மிகத் தெளிவாகப் போகும் ஓசை. ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் எழுதியதைக் குழாய்க்காகவே எழுதியதுபோல் கேட்டேன்.

வேலை தொடங்கும்போது சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அது எல்லா ஊரிலும் வழக்கம். எங்கள் செட்டில் இரண்டாவது தட்டு 'முத்தைத்தரு'. கல்யாண வீடானாலும் சரி, கட்சிக் கூட்டத்துக்கு முந்திய அரைமணி ஆனாலும் சரி, அப்பா அதை மாற்றவே மாட்டார். தட்டு தேய்ந்து தடம் வெளுத்துவிட்டது. ஊசியை அடிக்கடி மாற்றினால் தட்டு தாங்கும் என்பதால் வேறு செலவைக் குறைத்து ஊசி வாங்கினோம். நான் முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்து, வரிவரியாக மனப்பாடம் செய்தேன். ஒருநாள் குழாய் கழற்றும்போது நான் முணுமுணுப்பதைக் கேட்ட ஓதுவார் ஒருவர், "தம்பி, ஓசை வந்துடுச்சு, சொல்லு வரலை. உட்கார்" என்று திண்ணையில் அமர்த்தி, எது எங்கே பிரியும், கோட்டான் எங்கே வருகிறது, பறை எங்கே வருகிறது என்று சொல்லிக் கொடுத்தார். நான் படித்த படிப்பில் உருப்படியானது அந்தத் திண்ணையில் படித்ததுதான்.

தீபத் திருநாளில் மாலை ஆறு மணிக்கு மலையில் சுடர் தெரியும்வரை எங்கள் மைக்கில் காணாமல்போன பிள்ளைகளின் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். இடையிடையே பாட்டு. 'முத்தைத்தரு' போட்டால் கூட்டத்தில் உதடுகள் அசையும். பூக்கட்டுபவர், வண்டிக்காரர், செங்கம் பக்கத்திலிருந்து வந்த குடியானவர், எல்லோரும் கூடவே சொல்வார்கள். பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் சொன்னார்கள். சுப்பிரமணிய பிள்ளை ஏடு தேடியதும் வள்ளிமலை சுவாமிகள் ஊர் ஊராகப் பாடியதும் எந்த நாளுக்காக என்று கேட்டால், இந்த நாளுக்காக என்பேன். ஒரு சினிமா அதைச் செய்தது. படித்தவர்கள் சினிமாவைத் தாழ்வாகப் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எண்பதுகளில் கேசட் வந்தது, இசைத்தட்டுப் பெட்டி பரணுக்குப் போனது. 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. குழாய்க்குப் பதில் பெட்டி ஸ்பீக்கர் வைக்கச் சொன்னார்கள். அது நியாயமான விதி. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் எங்கள் குழாயால் பட்ட பாடு எனக்குத் தெரியும். தொழில் சுருங்கியதில் எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. டி.எம்.எஸ். 2013 மே மாதம் காலமானார். அன்று எங்கள் தெருவில் பல வீடுகளில் கேட்டது அந்த ஒரே பாட்டு.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 14 கிலோமீட்டர் நடந்த களைப்பில் அண்ணாமலையாரை மட்டும் தரிசித்துவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். கம்பத்து இளையனாரையும் வல்லாள கோபுரத்தடி இளையனாரையும் பார்த்துவிட்டுப் போங்கள். சொல் பிரித்து அச்சிட்ட திருப்புகழ் ஒன்று வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவர்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் தப்பாகத்தான் வரும். பரவாயில்லை, சொல்லட்டும்.