அல்கால் எழுப்பிய வினா

வானில் ஒற்றை மீனாய்த் தோன்றுபவற்றுள் பல, உண்மையில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை மீன்களாகும். பெர்சியஸ் குழுவிலுள்ள அல்கால் அத்தகையது. அரபு மக்கள் அதனைப் பேயின் தலை என்றனர்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக், சிறு வயதிலேயே செவிப்புலனை இழந்தவர். அல்கால் ஏறத்தாழ 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை ஒளி மங்குவதை அவர் 1783இல் அறிவித்தார். சுற்றிவரும் பொருளொன்று அதனை மறைக்கக்கூடும் என்றும் கருதினார். அப்பொழுது அவருக்கு வயது 18! ஜெர்மானிய அறிஞர் ஃபோகல், 1889இல் நிறமாலைச் சான்றினால் அது இரட்டை மீனே என மெய்ப்பித்தார்.

பின்னர் ஒரு புதிர் எழுந்தது. நிறை மிகுந்த மீன் தன் எரிபொருளை விரைவிற் செலவிட்டு முதலில் முதுமையடையும் என்பது வானநூலாரின் அடிப்படைக் கொள்கை. ஞாயிற்றின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். அதனினும் பத்து மடங்கு நிறையுள்ள மீனுக்கோ சில கோடி ஆண்டுகளே. ஆனால் அல்காலில், ஞாயிற்றைப்போல் மும்மடங்கு நிறையுள்ள மீன் இளமையோடிருக்க, ஞாயிற்றினும் நிறை குறைந்த துணைமீன் பருத்து முதுமை எய்தியிருந்தது. இரண்டும் உடன்பிறந்தவை. அவ்வாறாயின் கொள்கையே பிழையோ?

1955இல் கிராஃபோர்டு என்பவர் விடை கூறினார்: இன்று சிறியதாயுள்ள மீனே முன்பு பெரியதாக இருந்தது! ஒவ்வொரு மீனின் ஈர்ப்பு ஆட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. முதுமையில் பருக்கும் மீன் அவ்வெல்லையை மீறினால், அதன் புறப்பொருள் துணைமீன்மேல் வழிந்தோடும். கொடுத்தது இளைக்கும், பெற்றது பெருக்கும். இக்கொடுக்கல் வாங்கலைக் கிப்பன்ஹான், வைகர்ட் ஆகிய இருவரும் 1967இல் கணிப்பொறி கொண்டு படிப்படியாகக் கணித்துக் காட்டினர். கொள்கை பிழைத்தது.

பெருநிறை மீன்களின் வரலாற்றுக்கும் இதுவே திறவுகோலாயிற்று. அவற்றுள் ஒன்று தன் ஹைட்ரஜன் போர்வையைத் துணைக்கு ஈந்து, ஹீலிய உள்ளகம் வெளிப்பட நின்று, பின்னர் வெடித்துச் சிதறக்கூடும். எஞ்சுவது நியூட்ரான் மீனாகவோ கருந்துளையாகவோ அமையும். அதன்பின் ஓட்டம் திசைமாறும். துணைமீனின் பொருள் எஞ்சிய பொருளை நோக்கிப் பாயும். சிக்னஸ் எக்ஸ்-1 என்னுமிடத்தில் இவ்வாறு பாயும் பொருள் சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது.

மிகு நிறை மீன்களுள் நூற்றுக்கு 70க்கும் மேற்பட்டவை துணையோடு பொருள் பரிமாறுவன என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆதலின் தனி மீனின் கதை மட்டும் அறிந்தால் போதாது.

மாணவர்களே, மார்கழி முன்னிரவில் வடவானை நோக்குங்கள். அல்கால் மங்குவதைக் காணத் தொலைநோக்கி வேண்டுவதில்லை. பொறுமை ஒன்றே போதும்.