தாராவி, மாட்டுங்கா, செம்பூர்: உங்கள் தெருப் பிரச்சினை நாடாளுமன்றத்துக்குப் போவது எப்படி?

தாராவியில் ஒரு வீடு. தரைத்தளத்தில் நீங்கள், மேல்மாடியில் உங்கள் தம்பி குடும்பம். 2000-ஆம் ஆண்டுக்கு முன்பே வந்தவர் என்று நிரூபித்துவிட்டால், மறுசீரமைப்புத் திட்ட விதிப்படி உங்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. மாடியில் இருக்கும் தம்பிக்கு அப்படி இல்லை. அவருக்கு தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிக்கொண்டே சொந்தமாக்கிக்கொள்ளும் வீடுதான்.

'வெளியே' என்றால் எங்கே? எப்போது? யாரிடம் கேட்பது? "எம்.பி.கிட்ட சொல்லி பார்லிமென்ட்ல கேட்கச் சொல்லுங்க" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அது பாதி சரி. எந்தப் பாதி சரி என்று பார்ப்போம்.

உங்கள் எம்.பி. யார்?

தாராவி, செம்பூர், மாட்டுங்கா மூன்றும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன: மும்பை தென் மத்தி. அணுசக்தி நகர், செம்பூர், தாராவி, சயான் கோலிவாடா, வடாலா, மாஹிம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது இது. 2024 தேர்தலில் இங்கே சிவசேனா (உத்தவ் தாக்கரே அணி) வேட்பாளர் அனில் தேசாய், அதற்கு முன் இரண்டு முறை எம்.பி.யாக இருந்த ராகுல் ஷெவாலேவை 53,384 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

தேசாய் மக்களவைக்குப் புதியவர், நாடாளுமன்றத்துக்குப் புதியவர் அல்ல. 2012 முதல் 2024 ஏப்ரல் வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர் அவர்.

தாராவிக்கு இன்னொரு குரலும் உண்டு. 2004 முதல் நான்கு முறை தாராவி எம்.எல்.ஏ.வாக இருந்த காங்கிரஸின் வர்ஷா கெய்க்வாட், 2024-இல் பக்கத்துத் தொகுதியான மும்பை வட மத்தியில் வென்று மக்களவைக்குப் போனார். அங்கும் தாராவி பற்றிப் பேசியிருக்கிறார். உங்கள் தொகுதிப் பிரச்சினையை உங்கள் எம்.பி. மட்டும்தான் எழுப்பலாம் என்று எந்த விதியும் கிடையாது.

மாநிலங்களவை எம்.பி.க்குத்தான் தொகுதியே இல்லையே?

ஆமாம், இல்லை. மகாராஷ்டிரத்துக்கு மாநிலங்களவையில் 19 இடங்கள். அவர்களை எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்; பதவிக்காலம் 6 ஆண்டு. அதாவது நீங்கள் போட்ட சட்டமன்ற ஓட்டு, சுற்றி வந்து இங்கேயும் எண்ணப்படுகிறது. அதனால் மாநிலம் முழுவதுமே அந்த 19 பேரின் தொகுதி மாதிரிதான். உங்கள் மனுவை அவர்களில் யாரிடமும் தரலாம்.

தேர்தலில் தோற்ற பெரிய குரல்கள் இந்த அவை வழியாகத்தான் உள்ளே வந்தன. மாட்டுங்காவுக்குப் பக்கத்திலுள்ள தாதர் இந்து காலனியில் வாழ்ந்த அம்பேத்கர், 1952-இல் வடக்கு பம்பாயில் தோற்றபின் பம்பாய் மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். 1962-இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா, அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போய் தமிழ்நாட்டின் கோரிக்கைகளை அகில இந்திய விவாதமாக்கினார்.

ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். அமைச்சரவை பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது மக்களவைக்கு. மாநிலங்களவையால் அரசைக் கவிழ்க்க முடியாது. கேள்வி கேட்கும் உரிமை மட்டும் இரண்டு அவைக்கும் உண்டு.

எம்.பி. கையில் என்னென்ன வழிகள்?

கேள்வி நேரம்: மக்களவையில் காலை 11 மணி, மாநிலங்களவையில் பகல் 12 மணி. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். கேள்விக்கு குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்.

பூஜ்ய நேரம்: அன்றைய அவசரப் பிரச்சினைக்கு. டிவியில் நீங்கள் பார்க்கும் ஆவேசப் பேச்சில் பெரும்பகுதி இதுதான். ஆனால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விதி 377, சிறப்புக் குறிப்பு: முன்னது மக்களவை, பின்னது மாநிலங்களவை. 250 சொற்களுக்குள் ஒரு பிரச்சினையைப் பதிவு செய்யலாம். சம்பந்தப்பட்ட அமைச்சகம் பிறகு எழுத்தில் பதில் அனுப்பும்.

அரை மணி நேர விவாதம்: கேள்விக்கு வந்த பதில் போதாது என்றால் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றுவது பூஜ்ய நேர வீடியோ. ஆனால் புள்ளிவிவரம் தேடும் என்னைப் போன்றவர்களுக்கும், வழக்கு நடத்தும் வழக்கறிஞருக்கும் உபயோகமாவது அந்தச் சத்தமில்லாத எழுத்துப் பதில்தான். அதில் ஏக்கர் இருக்கும், ரூபாய் இருக்கும், தேதி இருக்கும்.

சிக்கல் எங்கே?

கேள்வி முதன்மையாக மத்திய அரசின் பொறுப்புக்குட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தையும் கேட்க முடியாது. 'தாராவி மக்களுக்கு எப்போது வீடு கிடைக்கும்?' என்று கேட்டால், கேள்வி அனுமதிக்கப்படாமல் போகலாம். அனுமதித்தாலும் நகர்ப்புற அமைச்சகத்தின் வழக்கமான வாசகம் தயாராக இருக்கும்: நிலமும் குடியேற்றமும் மாநிலப் பட்டியல். அவ்வளவுதான்.

தாராவித் திட்டத்தின் கையெழுத்தும் மாநிலத்தினுடையதுதான். 2022 நவம்பரில் ரூ.5,069 கோடி கேட்பு வைத்து அதானி குழுமம் முன்னுக்கு வந்தது. 2023 ஜூலையில் மகாராஷ்டிர அரசு பணியை ஒப்படைத்தது. திட்ட நிறுவனத்தில் அதானி தரப்புக்கு 80%, மாநில அரசு தரப்புக்கு 20%. தகுதிப் பட்டியல், கட் ஆஃப் தேதி, மாடி வீட்டுக்காரர் நிலை எல்லாமே மாநில முடிவுகள். அதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம்; கேட்க வேண்டியவர் உங்கள் எம்.எல்.ஏ.

அப்போது எம்.பி.யால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. மத்திய அரசு எங்கே கை வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் கேட்க வேண்டும்.

மூன்று பகுதி, மூன்று கேள்வி

தாராவி: திட்டத்துக்குள் சுமார் 45 ஏக்கர் ரயில்வே நிலம் வருகிறது. அதற்காக ரயில் நிலமேம்பாட்டு ஆணையத்துக்கு மாநிலம் ரூ.800 கோடி கொடுத்தது. ரயில்வே மத்திய அரசுடையது. தகுதி பெறாதவர்களுக்கு வீடு கட்டுவதற்காக கஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை மாநிலத்துக்கு மாற்ற 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுவும் மத்திய அரசு நிலம்தான். உங்கள் தம்பி போகப்போகிற 'வெளியே', இந்த உப்பளமாகவும் இருக்கலாம். எனவே கேள்வி இப்படி இருக்கட்டும்: 'எத்தனை ஏக்கர் ரயில்வே நிலம் இதுவரை ஒப்படைக்கப்பட்டது? உப்பள நிலத்தை மாற்றியதற்கான நிபந்தனைகள் என்ன? அங்கே கட்ட சுற்றுச்சூழல் அனுமதி கோரப்பட்டுள்ளதா?' இதற்கு 'மாநிலப் பட்டியல்' என்று சொல்லி நழுவ முடியாது.

மாட்டுங்கா: இங்கே ரயில்வே பணிமனை இருக்கிறது, தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு சாளுக்யா எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது, ஆனால் தினமும் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களுக்கு டிக்கெட் என்பது உள்ளூர்ப் பிரச்சினை. ரயில்வே அமைச்சருக்கு அது தேசியப் பிரச்சினை. காத்திருப்புப் பட்டியல் எண்ணிக்கையை ஆண்டுவாரியாகக் கேட்டால், கூடுதல் ரயில் கோரிக்கைக்கு ஆதாரம் கையில் வரும்.

செம்பூர்: மாஹுலில் எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைகள், பக்கத்திலேயே ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை. மூன்றுமே பொதுத்துறை நிறுவனங்களாக வளர்ந்தவை. 2020-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாஹுல் காற்று மாசுக்காக இரண்டு எண்ணெய் நிறுவனங்கள் உட்பட நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் ரூ.286 கோடி இழப்பீடு விதித்தது. வழக்கின் உள்ளே போகாமல், 'இந்த ஆலைகளில் மாசுக் கட்டுப்பாட்டுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவு?' என்று பெட்ரோலிய அமைச்சகத்திடம் கேட்கலாம்.

பதில் வந்துவிட்டால் முடிந்ததா?

இல்லை, அதற்கப்புறம்தான் வேலை. 'பரிசீலிக்கிறோம்', 'தகவல் திரட்டப்படுகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது பெரும்பாலும் ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இரண்டு அவையிலும் இதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. காலம் நீட்டிப்பு கேட்பது சகஜம்தான். ஆனால் கணக்கிலிருந்து சும்மா மறைந்துவிடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பிரச்சினையை இரண்டாகப் பிரியுங்கள்: மாநிலம் முடிவெடுப்பது ஒரு பக்கம், மத்திய அரசின் நிலம், பணம், நிறுவனம், அனுமதி இன்னொரு பக்கம். முதல் பக்கத்தை எம்.எல்.ஏ.யிடமும், இரண்டாவதை எம்.பி.யிடமும் கொடுங்கள்.

இரண்டாவது, கூட்டத்தொடர் ஆரம்பித்தபின் ஓடாதீர்கள். 15 நாள் நோட்டீஸ் விதி இருப்பதால், அதற்கு ஒரு மாதம் முன்பே ஒரே பக்கத்தில் மனு கொடுங்கள். கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பதால், நீங்களே அந்த அளவில் எழுதித் தந்தால் எம்.பி. அலுவலகத்துக்குப் பாதி வேலை குறையும். கேள்வி போவது இந்தி அல்லது ஆங்கிலத்தில். தமிழ் மனுவோடு ஒரு மொழிபெயர்ப்பையும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, பின்தொடருங்கள். எந்த எம்.பி. என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பது இரு அவைகளின் இணையதளத்திலும் பெயர்வாரியாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது "எங்களுக்காக என்ன பேசினீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தத் தேதியில் என்ன கேள்வி கேட்டீங்க, என்ன பதில் வந்தது?" என்று கேளுங்கள். மேல்மாடியில் இருக்கும் தம்பிக்கு அந்தப் பதில்தான் தேவை.